மரத்துக்குள் வைத்த காது

2020 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பழைய கிதார் 60 லட்சம் டாலருக்குச் சற்றே கூடுதலான விலைக்கு ஏலம் போயிற்று. அதுவரை எந்தக் கிதாரும் ஏலத்தில் எட்டியிராத விலை. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவியின் 'அன்பிளக்டு' நிகழ்ச்சியில் வாசித்த கிதார் என்பதே அதன் பெருமை. 'அன்பிளக்டு' என்றால் மின்கம்பி பிடுங்கப்பட்டது என்று பொருள். ஆனால் அந்த மார்ட்டின் டி-18ஈ, 1959இல் தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போதே மேற்பலகையைத் துளைத்து இரண்டு காந்த பிக்கப்புகளும் குமிழ்களும் பொருத்தப்பெற்ற கருவி. அது போதாதென்று கோபேன் ஒலித்துளையிலும் ஒன்றைச் சேர்த்திருந்தார். அன்றிரவு மேடையில் மானிட்டர் போன்ற தோற்றம் தந்த ஒரு மறைப்புக்குப் பின்னே, எலக்ட்ரிக் கிதாருக்கான ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஒளிந்திருந்தது. கம்பி பிடுங்கப்பட்ட இசையின் சின்னமாக உலகம் கொண்டாடும் கருவி, கம்பியோடு பிறந்து கம்பியோடு வாசிக்கப்பட்ட கருவி. அதை ஏலத்தில் எடுத்தவர் ஒரு மைக்ரோஃபோன் நிறுவனத்தை நிறுவியவர் என்பது இந்த அங்கதத்துக்கு வாய்த்த முத்தாய்ப்பு.

அந்நிகழ்ச்சியின் இசை மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் மனத்தாங்கல் அந்தப் பெயரின் மீதுதான். அக்கூஸ்டிக் கிதாரின் 'இயல்பான ஒலி' என்று ஒன்று இருப்பதாகவும், அதைச் சிந்தாமல் சிதறாமல் ஒலிபெருக்கிவரை கொண்டுசேர்க்கும் பிக்கப் ஒன்று ஏதோ ஒரு கடையில் காத்திருப்பதாகவும் நம்பிக்கொண்டு பணத்தைச் செலவிடுவோர் பலர். எங்கள் நண்பர் வட்டத்தில் கிதார் பழகுவோரிடமிருந்து ஆண்டுக்கு இருமுறையேனும் 'எந்த பிக்கப் வாங்கலாம்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அக்கேள்விக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விழைவது: எந்த அறையில், யாருடன், எவ்வளவு சத்தத்துக்கு நடுவே வாசிக்கப் போகிறீர்கள்?

முதலில் கருவியைக் கவனிப்போம். தந்தி தன்னளவில் மிகச் சிறிய ஒலியையே எழுப்பும். தந்தியின் அதிர்வு, கிதார்க்காரர்கள் பிரிட்ஜ் என்றும் வீணைக்காரர்கள் குதிரை என்றும் வழங்கும் கட்டையின் வழியாக மேற்பலகைக்குள் இறங்குகிறது. மேற்பலகை காற்றைத் தள்ளுகிறது. கூட்டின் உள்ளே அடைபட்ட காற்று ஒலித்துளை வழியே மூச்சு விடுகிறது. இந்த மூச்சு முழு அளவுக் கிதாரில் நொடிக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகள் என்ற இடத்தில் வலுப்பெறும். பின்பலகையும் தன் பங்கைச் சேர்க்கும். நாம் கிதாரின் குரல் என்று சொல்வது இவையெல்லாம் கலந்து, சில அடி தூரம் காற்றில் நடந்து, அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்த பின்பு செவியில் விழுவது. பிக்கப் என்பதோ மனிதக் காது ஒருபோதும் போய் அமராத இடத்தில் வைக்கப்பட்ட ஒரு காது. எலும்பு முழுங்கும் தந்திக்கு அடியிலோ, ஒலித்துளையின் விளிம்பிலோ, மரப்பலகையின் உட்புறத்திலோ ஒட்டிக்கொண்டு கேட்கும் காதுக்கு எட்டுவது வேறொன்றாகத்தானே இருக்க முடியும்? அதைத் திருட்டு என்றோ பிழை என்றோ நாங்கள் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு என்கிறோம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மூலமே வந்துவிட்டதாக விளம்பரம் செய்வதுதான் பொறுக்கவில்லை.

இந்த மொழிபெயர்ப்பின் வரலாறு காந்தத்தில் தொடங்குகிறது. காந்த பிக்கப், எஃகுத் தந்தி அசைவதை மட்டுமே அறியும். மரம் அதிர்ந்தாலும் அதிராவிட்டாலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றே. கிப்சன் நிறுவனம் 1954இல் கொண்டுவந்த ஜே-160ஈ என்ற கிதாரில் இதன் விளைவைக் காணலாம். விரற்பலகை முடியும் இடத்தில் காந்த பிக்கப் ஒன்றைப் பதித்தவர்கள், மேற்பலகைக்கு ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினார்கள். நன்றாக அதிரும் மரம் மேடையில் தொல்லை. அதிராத மரமே சௌகரியம். பிக்கப் கிதாருக்காகச் செய்யப்பட்டது போய், கிதார் பிக்கப்புக்காகச் செய்யப்பட்டது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1962இல் ஆளுக்கொன்று வாங்கியது இதைத்தான். 1964இல் வெளிவந்த 'ஐ ஃபீல் ஃபைன்' பாடலின் தொடக்கத்தில் நீண்டு கூவும் ஒலி, லெனனின் இந்தக் கிதார் ஆம்ப்ளிஃபயரோடு உறவாடியதால் பிறந்தது. ஒட்டுப்பலகையும் முழுதாகக் காப்பாற்றவில்லை.

அடுத்து வந்தது பியசோ. 1880இல் பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். அந்த இயல்பே இன்று கிதாரின் சேடிலுக்கு, அதாவது பிரிட்ஜின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் எலும்புத் துண்டுக்கு, அடியில் ஒரு மெல்லிய பட்டையாக வந்து படுத்திருக்கிறது. இதைப் பெருவழக்காக்கியதில் ஓவேஷன் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஹெலிகாப்டர் தயாரித்துவந்த சார்லஸ் கேமன் 1966இல் தொடங்கிய நிறுவனம் அது. கிதாரின் முதுகை மரத்தில் செய்யாமல் செயற்கைப் பொருளில் கிண்ணம்போல் வளைத்துச் செய்தவர்கள். 1969இல் தொடங்கிய க்ளென் கேம்பெலின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அக்கிதாரை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று. பாடகர் முன்னே மைக் கம்பங்கள் நிற்காமல், அவர் நடந்துகொண்டே வாசிக்க முடிவது தொலைக்காட்சிக்கு எத்தனை பெரிய வசதி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வசதிக்கு விலை உண்டு. சேடிலுக்கு அடியில் படுத்த பட்டை, தந்தி கொடுக்கும் அழுத்தத்தை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. மரம் அதைக் கேட்டு, யோசித்து, தன் குரலில் பதில் சொல்வதற்கு முன்பாகவே செய்தி கம்பியில் ஓடிவிடுகிறது. மென்மையாக மீட்டும்போது இது அவ்வளவாகத் தெரியாது. பிளெக்ட்ரத்தால் ஓங்கி வீசும்போது தெரியும். ஒவ்வொரு வீச்சின் முகப்பிலும் ஒரு வறண்ட சொடுக்கு; மெல்லிய ரப்பரைச் சுண்டியது போன்ற சத்தம். ஆங்கிலத்தில் இதற்கு வாத்தின் கத்தலைப் பெயராக வைத்திருக்கிறார்கள், பொருத்தமாகவே. எங்கள் கவலை இந்த ஒலி கெட்டது என்பதைவிட, இதுவே அக்கூஸ்டிக் கிதாரின் ஒலி என்று ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்துவிட்டது என்பதில்தான் இருக்கிறது. திரைப்பாடல்களின் ஒலிப்பதிவில் கிதாரைக் கேட்டு மயங்கியவர்கள், அதே பாட்டை மெல்லிசை மேடையில் கேட்கும்போது ஏதோ ஒன்று குறைவதை உணர்கிறார்கள். வாசிப்பவரின் விரல்மேல் பழி போடுகிறார்கள். விரல் பெரும்பாலும் நிரபராதி.

ஆயினும் நம் ஊர் மேடைகளில் பியசோவின் குற்றமாகச் சொல்லப்படுவதில் பாதி, பியசோவினுடையது அன்று. அதை எதில் செருகுகிறோம் என்பதனுடையது. இங்கே சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க. பியசோ பட்டை மின்னியல் நோக்கில் ஒரு சிறிய மின்தேக்கி. அதன் அளவு ஏறத்தாழ 1 நானோஃபாரட் என்று கொள்வோம். அதை ஏற்கும் கருவியின் மின்மறுப்பு குறையக் குறைய, கீழ்ச்சுரங்கள் உதிரத் தொடங்கும். மிக்ஸரின் சாதாரண லைன் வாயிலின் மின்மறுப்பு 10 கிலோ ஓம் என்றால், நொடிக்குச் சுமார் 16,000 அதிர்வுகளுக்குக் கீழே உள்ள அனைத்தும் சரியத் தொடங்கிவிடும். அதாவது கிதார் முழுவதுமே சரிவில் நிற்கிறது. 1 மெகா ஓம் என்றால் சரிவு 160 அருகே தொடங்கும். கிதாரின் கனத்த தந்தியின் அடிப்படைச் சுரம் 82. ஆக அப்போதும் அடித்தந்தியின் வயிறு ஒட்டியே இருக்கும். 10 மெகா ஓம் கொடுத்தால் 16க்கு இறங்கி, முழுக் கிதாரும் உள்ளே வந்துவிடும். கம்பியும் சும்மா இருப்பதில்லை. மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்தால், 5 மீட்டர் கம்பி இந்தச் சின்னஞ்சிறு சமிக்ஞையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இதனால்தான் பிரீஆம்ப் என்ற இடைநிலைக் கருவி கிதாருக்குள்ளேயோ, மிக அருகிலோ இருக்க வேண்டும். விலையுயர்ந்த பிக்கப்பை வாங்கிப் பொருத்திவிட்டு, பிரீஆம்ப் இன்றி நேரே மிக்ஸரில் செருகி, 'தகர டப்பா மாதிரி இருக்கிறது' என்று வருந்துவோரை நாங்கள் எத்தனையோ அரங்குகளில் கண்டிருக்கிறோம். பிக்கப்புக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை எடுத்து ஒரு நல்ல பிரீஆம்புக்கு வைக்கச் சொன்னால் ஏனோ யாருக்கும் மனம் வருவதில்லை. கிதாரின் மேல் தெரியாத பொருளுக்குச் செலவழிப்பதில் என்ன பெருமை!

பட்டையைவிட எங்களுக்கு உவப்பானது, மேற்பலகையின் உட்புறத்தில், பிரிட்ஜுக்கு நேர் கீழே ஒட்டப்படும் வட்டத் தகடுகள். இவையும் பியசோதான். ஆனால் தந்தியை அன்றி மரத்தைக் கேட்கின்றன. மூன்று தகடுகளை ஆறு தந்திகளுக்குமாகப் பகிர்ந்து ஒட்டும் முறை நன்றாக நிலைபெற்றுவிட்டது. குரல் வெதுவெதுப்பாக இருக்கும். வீச்சின் முகப்பில் சொடுக்கு குறைவு. சேடிலைச் சுரண்ட வேண்டியதில்லை, கிதாரை வெட்ட வேண்டியதில்லை. குறை என்னவெனில், மரத்தைக் கேட்கும் காது ஒலிபெருக்கியையும் கேட்கும். ஒலிபெருக்கியின் சத்தம் மேற்பலகையை அசைக்க, அவ்வசைவு மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போக, சுற்றிச் சுற்றி வளர்ந்து அரங்கமே கூவும். தனியாக, அமைதியான கூடத்தில் வாசிப்பவர் இதையே தேர்ந்தெடுக்கலாம். டிரம்ஸுக்கு ஒரு கஜத்தில் உட்கார்ந்து வாசிப்பவர் இதைத் தொடக்கூடாது.

டிரம்ஸுக்கு அருகில் இருப்பவருக்கு ஒலித்துளையில் மாட்டும் காந்த பிக்கப்பே சரி. மரத்தைக் கேளாமை இங்கே அதன் குணமாகிவிடுகிறது. வெண்கலம் சுற்றிய தந்திகளில் உள்ளிருக்கும் எஃகு மட்டுமே அதற்குத் தெரியும் என்பதால், சுற்றில்லாத மெல்லிய இரு தந்திகள் துருத்திக்கொண்டு கேட்கும். ஒவ்வொரு தந்திக்குமான காந்தத் திருகை ஏற்றி இறக்கி இதைச் சமன்செய்யலாம். நைலான் தந்தி கட்டிய கிளாசிக்கல் கிதாருக்கு இது அறவே உதவாது. காந்தத்துக்கு நைலான் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கிளாசிக்கல் என்றதும் செகோவியா நினைவுக்கு வருகிறார். பெரிய அரங்குகளிலும் ஒலிபெருக்கியை அவர் அனுமதித்ததில்லை. அவையினர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அவரிடம் பயின்ற ஜான் வில்லியம்ஸோ, ஒலிபெருக்கியைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டவர். பின்வரிசைக்காரரும் காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறார் என்பது அத்தரப்பின் நியாயம். இவ்விருவரில் எங்கள் மனம் செகோவியாவின் பக்கம் சாய்கிறது என்றாலும், அறிவு வில்லியம்ஸின் பக்கமே நிற்கிறது. காரணம் வீணையில் இருக்கிறது. மீட்டு ஒன்றுக்குப் பின் ஒலி தேய்ந்துகொண்டே போகும் கருவியில், தந்தியை இழுத்துச் செய்யும் கமகத்தின் கடைசிப் பகுதி மிக மெலிந்த ஒலியில்தான் நிகழ்கிறது. அரங்கின் விசிறிச் சத்தத்திலும் தாள வாத்தியத்தின் அதிர்விலும் அது மூழ்கிவிடும். கான்டாக்ட் மைக் ஒட்டிய வீணையில் அந்தக் கடைசி நூலிழை கடைசி வரிசைவரை எட்டுகிறது. அதே கான்டாக்ட் மைக், வீணையின் குடத்திலிருந்து எழும் மர நாதத்தை மழுங்கடித்து உலோக வாடை ஏற்றிவிடுகிறது என்ற குறையும் உண்மையே. ரசிகர்களிடையே இவ்வழக்கு தீர்ந்தபாடில்லை. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸின் கருவி மீது இப்படி ஒரு வழக்கு எழ முடியாது. கூடில்லாத, மின்சாரத்துக்காகவே உருவான மாண்டலின் அது. அங்கே பிக்கப்தான் கருவியின் குரல்வளை. அக்கூஸ்டிக் கிதாரிலும் வீணையிலும் பிக்கப் குரல்வளையாவதில்லை. சாட்சியாக மட்டுமே நிற்கிறது, அதுவும் பக்கத்து வீட்டுச் சாட்சி.

அப்படியானால் நேர்ச் சாட்சி யார்? மைக்தான். எங்கள் பரிந்துரை வரிசையில் முதலிடம் அதற்கே. அறை சிறியதாக, உடன் வாசிப்போர் அடக்கமானவர்களாக இருந்தால், பிக்கப் வாங்கும் எண்ணத்தையே ஒத்திப்போடுங்கள். ஒரு நல்ல மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காமல், கழுத்து உடலைச் சந்திக்கும் இடத்தை நோக்கி, ஓர் அடி தூரத்தில் வையுங்கள். ஒலித்துளையின் நேர்முகத்தில் அந்த 100 அதிர்வு மூச்சு மட்டுமே முழங்கும். வாசிப்பவர் ஓரளவு அசையாமல் இருக்க வேண்டும். தூரம் பாதியானால் மைக்கில் விழும் ஒலியழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். இரண்டு மடங்கானால் பாதியாகும். நின்று ஆடி வாசிப்பவருக்கு இது ஒத்துவராது. கிதாருக்குள்ளேயே சிறிய மைக் ஒன்றைத் தொங்கவிட்டு, அதை சேடில் பட்டையோடு கலந்து தரும் இரட்டை ஏற்பாடுகளும் உண்டு. பெட்டிக்குள் தலையை விட்டுக் கேட்டாற்போல் ஒலிக்கும் அந்த உள்மைக்கை, ருசிக்கு உப்பு என்ற அளவில் சேர்ப்பதே நலம். இரண்டையும் கலக்கும்போது ஒன்றையொன்று அழித்துக் குரல் மெலிந்தால், ஒன்றின் முனைமையைத் திருப்பிப் போடும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். பல பிரீஆம்புகளில் அப்பொத்தான் இருக்கிறது. பலருக்கு அது எதற்கென்று தெரிவதில்லை. ஃபீட்பேக் கூவலைத் தணிக்கவும் அதே பொத்தான் பல வேளைகளில் உதவும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைப்பதும், கூவுகிற ஒற்றைச் சுரத்தை மட்டும் வெட்டும் நாட்ச் வடிகட்டியைப் பயன்படுத்துவதும் அதற்கடுத்த மருந்துகள்.

அண்மைக் காலத்தில் இன்னொரு வழியும் பரவியிருக்கிறது. அதே கிதாரை மைக் வழியாகவும் பிக்கப் வழியாகவும் ஒருங்கே பதிவுசெய்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, அவ்வேறுபாட்டை மேடையில் பிக்கப்பின் ஒலிமேல் ஏற்றிவிடும் சிறு பெட்டிகள். வறண்ட பியசோவுக்கு உடனடியாக உடம்பு வந்துவிடுகிறது. கேட்க வியப்பாகவே இருக்கிறது. ஆனால் பதிவுசெய்த அன்று மைக் இருந்த அந்த ஒரே இடத்தின் நிறத்தைத்தான் அது எல்லாச் சுரங்களுக்கும் பூசுகிறது. பிக்கப் கேளாத நுட்பம் எதையும் அது கேட்டுத் தந்துவிடாது. அளவாகக் கலந்தால் தோழன்.

கடையில் ஏற்கெனவே பிக்கப் பொருத்தி, பக்கவாட்டில் குமிழ்களோடு விற்கப்படும் கிதார்களைப் பற்றி ஒரு சொல். அந்தக் குமிழ்ப் பலகைக்காகக் கிதாரின் விலாவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத்தை அறுத்து எடுக்கிறார்கள். மின்னணுச் சாதனம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழையதாகி உதிரிப்பாகம் கிடைக்காமல் போகும். கிதார் ஐம்பது ஆண்டுகள் இருக்கும். அந்த ஓட்டையும் இருக்கும். வார்ப்பட்டை மாட்டும் அடிமுனைக் குமிழின் துளையைச் சற்றே விரித்து 12 மில்லிமீட்டராக்கினால் ஜாக்கைப் பொருத்திவிடலாம், வேறெங்கும் கத்தி படாது. குமிழ்களை ஒலித்துளையின் உள்விளிம்பில் ஒட்டிக்கொள்ளலாம். சேடிலுக்கு அடியில் பட்டை வைப்பதாக இருந்தால், சேடிலின் அடிப்பகுதியும் அது அமரும் பள்ளமும் மட்டமாக இருக்கின்றனவா என்று பார்க்கத் தெரிந்த கைவினைஞரிடம் கொடுங்கள். ஒரு மயிரிழை மேடு இருந்தாலும் ஒரு தந்தி கத்தும், பக்கத்துத் தந்தி முனகும். பிறகு எந்தக் குமிழைத் திருகியும் பயனில்லை. பிரீஆம்பில் 9 வோல்ட் மின்கலம் இருந்தால், வாசித்து முடித்ததும் கம்பியை ஜாக்கிலிருந்து உருவிவிட வேண்டும். பெரும்பாலானவற்றில் கம்பியைச் செருகுவதே விசை. செருகியபடி விட்டால் இரவெல்லாம் எரிந்து, மறுநாள் இரண்டாம் பாட்டில் குரல் கரகரக்கும்.

ஒலிச்சோதனையின்போது வாசிப்பவர் மேடையிலேயே அமர்ந்து 'நன்றாக இருக்கிறது' என்று தலையாட்டுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். அவர் கேட்பது தன் மடியில் இருக்கும் மரத்தையும் முன்னால் இருக்கும் மானிட்டரையும்தான். அவைக்குப் போவதை அவர் கேட்கவே இல்லை. கிதாரை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் இறங்கி எட்டாவது வரிசையில் போய் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கேட்கட்டும். பெரும்பாலும் பாஸைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையசைப்பார்.